யங்கர் குடும்பத்தின் வீடு: வாசிப்புக் குறிப்புகள்

மார்ச் 4
லொரேன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தை மறுபடி எடுத்தேன். சிகாகோவின் தெற்குப் பக்கம், ஐந்து பேர் நெருக்கியடித்து வாழும் கறுப்பின யங்கர் குடும்பம். பையன் டிராவிஸுக்குக் கூடத்து சோஃபாதான் படுக்கை. கக்கூஸ் வெளியே நடையில், பக்கத்து ஜான்சன் வீட்டோடு பொது. விடிந்ததும் யார் முந்துவது என்பதே முதல் சண்டை. செத்துப்போன அப்பாவின் பத்தாயிரம் டாலர் காப்பீட்டுப் பணம் வரப்போகிறது. அதை வைத்து அம்மா வெள்ளையர் பகுதியில் வீடு பார்க்கிறார்.

மார்ச் 6
ஹான்ஸ்பெரி இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் இல்லை. அப்பா கார்ல் வசதியானவர். குடியிருப்புகளைச் சின்னச் சின்னதாகத் தடுத்துக் கறுப்பின மக்களுக்கு வாடகைக்கு விட்டே சம்பாதித்தவர். யங்கர்கள் மூச்சுமுட்டுவதும் அந்த மாதிரி வீட்டில்தான். வாடகை வாங்கிய வீட்டுப் பெண், வாடகை கொடுத்தவர்களின் கதையை எழுதியிருக்கிறார்! எனக்கு இது நாடகத்தின் மதிப்பைக் கூட்டுகிறது.

மார்ச் 7
கார்ல் 1937இல் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். கறுப்பினத்தவருக்கு இடம் கொடுப்பதில்லை என்று அங்கே வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கூட்டம் கல்லெறிந்தது; சிறுமி லொரேன் மயிரிழையில் தப்பினார். அம்மா ராத்திரியில் துப்பாக்கியோடு வீட்டைக் காவல் காத்தார்.

ஒப்பந்தத்தை மீறியதாக அவர்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1940இல் கார்ல் ஜெயித்தார். ஜெயித்தது எப்படி என்பதுதான் வேடிக்கை. தெருமுகப்பு நிலத்தில் 95 சதவீதத்தின் சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் செல்லும். போட்டிருந்ததோ சுமார் 54 சதவீதத்துக்குத்தான். ஆனால் முன்பு வேறு யாரோ நடத்திய வழக்கில் 95 என்றே ஒப்புக்கொண்டு தீர்ப்பும் வாங்கிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு இவர்களைக் கட்டாது என்றதோடு நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. ஒப்பந்தம் சரியா தப்பா என்று வாயே திறக்கவில்லை. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948இல் வந்தது. கார்ல் 1946இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மார்ச் 10
யங்கர்கள் வீடு வாங்கிய பகுதியின் வெள்ளையர்கள் அனுப்பிய ஆள் லிண்ட்னர் வரும் காட்சி. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. வாங்கிய விலைக்கு மேலே தருகிறோம், எங்கள் பக்கம் வராதீர்கள், அவ்வளவுதான். கல்லெறிந்தவர்களை விட இந்த ஆள்தான் எனக்குப் பயம்.

மார்ச் 11
1959இல் இதே தேதியில்தான் நியூயார்க்கின் நாடக அரங்கு வட்டாரமான பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பினப் பெண் எழுதி அங்கே ஏறிய முதல் நாடகம். யங்கர்கள் புது வீட்டுக்குக் கிளம்புவதோடு முடிகிறது. பலர் அதைச் சுப முடிவு என்றே எடுத்துக்கொண்டார்கள். எடுக்கத்தான் செய்வார்கள். பக்கத்து வீட்டு ஜான்சனம்மா, இப்படிக் குடிபோன ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் குண்டு வைத்த செய்தியோடு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வரும் காட்சியை அன்றைய மேடையில் வெட்டிவிட்டார்களே. பிந்தைய பதிப்புகளில் அது திரும்ப வந்திருக்கிறது. வாங்குபவர்கள் ஜான்சனம்மா இருக்கிற பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.