இரவுப் பணிக்குக் கிளம்பிய அத்தை

முதியோர் வார்டில் செவிலியராக இருக்கிறேன். மறதி நோயாளிகளை நான் இன்று பார்த்துக்கொள்ளும் விதத்தில் பாதிக்கு மேல் என் அத்தையிடம் கற்றது.

அப்பாவின் அக்கா அவர். தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தார், பெரும்பாலும் இரவு ஷிப்ட். கடைசி வருடங்களில் அல்சைமர் வந்தது. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை இந்த நோய் ஆரம்பத்திலேயே அரிக்கத் தொடங்குகிறது. அதனால் காலையில் சாப்பிட்டோமா என்பது அத்தைக்குத் தெரியாது. பழைய எக்ஸ்சேஞ்சில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பது தெரியும்.

பொழுது சாய்ந்தால் தவிப்பு ஆரம்பித்துவிடும். பையைத் தேடுவார், கதவை இழுப்பார். மறதி நோயில் இந்த அந்திநேரப் பதற்றம் பலருக்கும் உண்டு, மருந்துச் சீட்டிலும் அதற்கு ஒரு வரி இருந்தது. ஆனால் அத்தை தன் கணக்கில் வேலைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் அந்த நேரத்தில் கிளம்பியவர் இல்லையா? "நீங்கள் ரிட்டயர் ஆகிவிட்டீர்கள்" என்று யாராவது சொன்னால் அழுகை வரும். "இன்னைக்கு உங்ககூட யார் டியூட்டி, அத்தை?" என்று கேட்டால் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார். பேச்சு ஓடும்போதே கை பையை விட்டுவிடும்.

அதிலிருந்து, வார்டுக்கு யார் வந்தாலும் குடும்பத்தாரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: அவர் என்ன வேலை பார்த்தார், எந்நேரம் எழுவார்? கேஸ் ஷீட்டில் அதற்கு இடம் கிடையாது, ஓரத்தில் எழுதிவைக்கிறேன். 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அலாய்ஸ் அல்சைமர், அகுஸ்தே டீட்டர் என்ற பெண்ணின் எதிரே உட்கார்ந்து, கேட்ட கேள்வியையும் அவர் சொன்ன பதிலையும் அப்படியே குறித்துவைத்தார். பின்னாளில் அந்த மருத்துவரின் பெயரைப் பெற்ற நோய்க்கே தொடக்கம் அந்தக் குறிப்புகள்தான். நோயாளி பேசுவதை எழுதிவைக்க நேரமில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அப்புறம் அத்தையின் கடைசி மாதங்கள். படுக்கையில் பக்கம் மாற்றுவது, புண் வராமல் பார்ப்பது எல்லாம் கைக்குப் பழகிய வேலை. கடினமாக இருந்தது சாப்பாடுதான். விழுங்கும் தசைகளும் நோயில் தளர்ந்துவிடும். ஊட்டியது மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா. குழாய் வழியாக உணவு கொடுப்பதும் முற்றிய மறதி நோயில் ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். இருந்தாலும் அத்தை உதட்டை இறுக்கி மூடியபோது கரண்டியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. உடல் ஓயும்போது பசியும் ஓய்ந்துவிடும் என்று டாக்டர் என்னிடம், ஒரு செவிலியரிடம், பொறுமையாக விளக்கினார். அதன்பின் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன், பக்கத்தில் உட்கார்ந்து எக்ஸ்சேஞ்ச் கதைகளை அவருக்கே திரும்பச் சொன்னேன்.

இப்போது மகன்களும் மகள்களும் என்னிடம் கேட்கிறார்கள்: "பட்டினி போடுறோமா சிஸ்டர்?" அந்தக் கேள்விக்குள் எவ்வளவு பாசம் இருக்கிறது என்பது தெரியும். முதலில் அத்தையைப் பற்றிச் சொல்வேன். கேட்ட பிறகும் சிலருக்குக் கரண்டியை விட முடியாது. அவர்களிடம் வாதாடுவதில்லை. நோயாளி நன்றாக விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, நிமிர்த்தி உட்காரவைத்து, அரைக் கரண்டி மட்டும் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவர் அதை விழுங்கும்வரை கூடவே நிற்பேன்.