மாமனார் போட்ட சைட் இன்ஸ்பெக்‌ஷன்

பொதுப்பணித் துறையில் ஏ.இ.யாக, அதாவது உதவிப் பொறியாளராக இருந்து ரிட்டயரான மாமனாரை அமெரிக்காவில் எங்கே கூட்டிக்கொண்டு போவது? நயாகராவையே பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணியும் வீணாப் போகுதே" என்று வருத்தப்பட்ட மனுஷர். அதனால் இந்தத் தடவை தெற்குக் கரோலினாவில், வால்ஹல்லா பக்கம் இருக்கிற ஸ்டம்ப்ஹவுஸ் சுரங்கத்துக்குக் கிளம்பினோம். ரயிலே வராத ரயில் சுரங்கம்.

காரிலேயே விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"மொத்த நீளம் எவ்வளவு மாப்பிள்ளை?"

"5,863 அடி மாமா. 4,363 அடி தோண்டிட்டாங்க. 1859ல நிறுத்தியாச்சு."

"ஏன், கான்ட்ராக்டர் ஓடிட்டானா?"

ஓடவில்லை. இதே மாநிலத்து ஆண்டர்சன் ஊரிலிருந்து டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லுக்கு மலையைக் குடைந்து பாதை போடுவதாகத்தான் திட்டம். பெரும்பாலும் ஐரிஷ் தொழிலாளிகள்; சுத்தியல், உளி, வெடிமருந்து, அவ்வளவுதான் கருவி. மாநில அரசு பத்து லட்சம் டாலருக்கு மேல் கொட்டியும் கருங்கல் மலை அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் பணம் வேண்டும் என்று கேட்டபோது சட்டமன்றம் கையை விரித்துவிட்டது. கொஞ்ச நாளில் உள்நாட்டுப் போரும் வந்துவிட, கதை முடிந்தது.

"ஃபண்ட் நின்னு போச்சுன்னு சொல்லுங்க" என்றார் மாமா, நிம்மதியாக. அவருக்குப் பழக்கமான வியாதி.

வாசலில் இறங்கியதும் நான் உள்ளே நடக்கப் பார்த்தேன். பின்னாலிருந்து குரல்: "நில்லுங்க!" இருபத்தைந்து அடி உயர வாசல். அதன் நெற்றியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தார். "இங்க பாறை விழுந்திருக்கா?" விழுந்திருக்கிறது. 1990களில் சரிந்து, சில வருஷம் மூடியே வைத்திருந்தார்கள். அதைச் சொன்னதுதான் தாமதம், காரிலிருந்து ஹெல்மெட் வந்தது. மகளின் சைக்கிள் ஹெல்மெட், ஊதா நிறம், யூனிகார்ன் படம் போட்டது. அது பாறைக்குத் தாங்காது என்று நான் சொன்னதற்கு, "தெரியும். தலையை இடிச்சுக்காம இருக்கத்தான்" என்றார்.

டார்ச் ஆளுக்கு ஒன்று, அது போக உபரி ஒன்று. போன் வெளிச்சத்தை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஷூவின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று வீட்டில் இருந்த மனைவிக்கு என்னையே போன் போட்டுச் சொல்ல வைத்தார். மலைக்குள் சிக்னல் இருக்காதாம். வேட்டை சீசன் என்பதால், வேட்டைக்காரர்கள் கண்ணில் பளிச்சென்று படட்டும் என்று நான் வாங்கி வைத்திருந்த ஆரஞ்சு பனியனை மட்டும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். யூனிகார்னும் ஆரஞ்சுமாக அவர் நின்றதைப் பார்த்து, நிஜமாகவே பார்க்கில் வேலை செய்பவர் என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து வழி கேட்டார்கள். அவரும் சளைக்காமல், "டோன்ட் ஸ்டாண்ட் அண்டர் தி ஷாஃப்ட்" என்று உத்தரவு போட்டு அனுப்பினார்.

அது சரியான உத்தரவுதான். ஒரே நேரத்தில் பல இடங்களில் குடைவதற்காக மலை உச்சியிலிருந்து செங்குத்தாகக் குழிகள் இறக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்றின் வழியாக இன்னமும் தண்ணீர் சொட்டுகிறது. தண்ணீர் வருகிற வழியில் கல்லும் வரும் இல்லையா? அண்ணாந்து போட்டோ எடுக்கப்போன என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். மேலே காட்டுக்குள் பாதையை விட்டு விலகினால் அதே குழிக்குள் மேலிருந்து விழலாம் என்பது அவர் இலவசமாகத் தந்த கூடுதல் தகவல்.

உள்ளே ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி குளிர். வருஷம் முழுக்க ஐம்பது டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டியே நிற்குமாம். கொஞ்ச தூரத்தில் கம்பிக் கதவு. இடுக்கில் ஆள் நுழையலாமா என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பையனிடம், தேங்கின தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருந்தால் தெரியாது, காற்றோட்டம் இல்லாத இடத்தில் மூச்சு முட்டும் என்றெல்லாம் பாதி சைகையில் வகுப்பெடுத்தார். பையன் "யெஸ் சார்" என்று திரும்பிவிட்டான். என் வீட்டில் இந்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

திரும்பி வரும்போது சீஸ் கதையைச் சொன்னேன். இந்தக் குளிரும் ஈரமும் தோதாக இருக்கிறதென்று 1941ல் க்ளெம்சன் கல்லூரிக்காரர்கள் இங்கே ப்ளூ சீஸ், அதாவது வேண்டுமென்றே பூஞ்சணம் வளரவிடுகிற சீஸ், பதப்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். 1951ல் சுரங்கத்தையே வாங்கினார்கள். 1958ல்தான் முழுத் தயாரிப்பும் கல்லூரி வளாகத்தின் குளிர் அறைகளுக்குப் போனது.

"ரயிலுக்கு சாங்ஷன் ஆன வேலையில பூஞ்சணம் புடிச்ச பாலாடையா? ஆடிட்ல எப்படி ஒத்துக்கிட்டான்?"

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பெட்ரோல் பில்லின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். சிக்னல் வந்ததும், ஊரில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும், அவரோடு ரிட்டயரான நண்பருக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டார்.

"யோவ், இங்க ஒரு ஒர்க் பெண்டிங்ல கெடக்குய்யா. மிச்சம் 1,500 அடிதான். நீ ரேட்டை மட்டும் சொல்லு, ரிவைஸ்டு எஸ்டிமேட் நான் போட்டுடறேன்."