பையில் கொதித்த லேப்டாப்

மூடி பைக்குள் வைத்த லேப்டாப், வீட்டுக்கு வந்து தொட்டால் இட்லிப் பானை மாதிரி சுடுகிறது. தூங்கவே இல்லை. கணினியின் பதிவில் (log) என் டிரைவரின், அதாவது ஒரு சாதனத்தை இயக்க நான் எழுதிய நிரலின் பெயர், பக்கத்தில் மைனஸ் 12 என்ற பிழை எண். அதாவது நினைவகம் கிடைக்கவில்லை.

தூங்கப் போகும் நேரத்தில், சாதனத்தின் நிலையைச் சேமிக்க 2 எம்பி ஒரே துண்டாகக் கேட்டிருந்தேன். சாதாரண நேரத்தில் ரேம் போதாவிட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், நினைவகத்தின் பழைய பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளி இடம் பிடிக்கும். இப்போது அந்த டிஸ்க்கே தூங்கியிருக்கலாம். அதை எழுப்ப ஆளில்லை, நினைவகம் கேட்ட டிரைவர் காத்துக்கொண்டே இருக்கும், மொத்தமும் உறைந்துவிடும். அதனால் 2010-இல் வந்த 2.6.34 கெர்னல் பதிப்பு முதல், சாதனங்களைத் தூங்கவைக்கும் முன்பே டிஸ்க்கைத் தொடும் அனுமதியைக் கெர்னல் எல்லோரிடமிருந்தும் பிடுங்கிவிடுகிறது. நினைவகம் கேட்கும்போது நீங்கள் ஜிஎஃப்பி கெர்னல் (டிஸ்க்கையும் தொடலாம் என்ற குறி) என்று எழுதினாலும் கிடைப்பது ஜிஎஃப்பி நோஐஓதான் (டிஸ்க்கைத் தொடாதே என்ற குறி). ரேம் தீர்ந்தால் ஏதாவதொரு புரோகிராமைக் கொன்று இடம் தரும் ஓஓஎம் கில்லரும் அதற்குள் முடக்கப்பட்டிருக்கும்.

பிரவுசரில் நாற்பது டேப் திறந்து ரேம் நிரம்பியிருந்த நாளில் மட்டும் ஏன் மாட்டியது என்று அப்புறம்தான் உறைத்தது.

சரி, அந்த 2 எம்பியை டிரைவர் கெர்னலில் ஏறும்போதே வாங்கி வைத்துவிட்டேன். எப்போதும் வீணாகக் கிடக்குமே என்று மனசு கேட்கவில்லைதான். தூக்கத்துக்கு முன்னறிவிப்பு வரும்போது, புரோகிராம்கள் உறையும் முன், வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அது அடுத்த வாரம்.