ஒரே ஒரு வரி

புச்சினியின் 'டோஸ்கா' ஓபராவில் இரண்டாம் அங்கம் முடிகிற இடம். கொடிய காவல் தலைவன் ஸ்கார்பியா, பாடகி டோஸ்கா குத்திய கத்தியில் செத்து விழுந்துவிட்டான். டோஸ்காவுக்குப் பாட இனி ஒரே ஒரு வரி, அதுவும் ஒரே சுரத்தில். திரை விழும்வரை அவள் கைகள்தான் நாடகம்.

இன்று ஒரு சிறு நகர ஓபரா குழு இந்த இடத்தை அபாரமாகச் செய்தது.

துணியை நனைத்து விரல்களைத் துடைக்க வேண்டும். கண்ணாடி முன் தலைமுடியைச் சரிசெய்ய வேண்டும். ஊரைவிட்டுத் தப்ப அவன் எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டை மேசையில் தேடி, கடைசியில் பிணத்தின் இறுகிய கைக்குள் கண்டெடுக்க வேண்டும். தலைக்கு இருபுறமும் மெழுகுவத்தி, மார்பின் மேல் சுவரிலிருந்து எடுத்த சிலுவை.

பிரெஞ்சு நாடகாசிரியர் சார்தூவின் 1887 நாடகத்தில் நடிகை சாரா பெர்னார்ட் நடித்த காட்சி இது. 1900-இல் புச்சினி இதற்கு இசையில் இடம் அளந்து வைத்தார். சீட்டைத் தேடுவதில் நேரம் போனால், சிலுவை கையில் இருக்கும்போதே தூரத்து முரசு ஒலித்துவிடும்.

நீளப் பாவாடை விளிம்பு மெழுகுவத்தியைத் தட்டும். அதனால் தண்டுகளுக்குக் கனமான அடி தேவை. நெருப்புக்கு அனுமதி இல்லாத அரங்கில் பேட்டரி விளக்கே போதும்.

பெரிய சிக்கல் பிணத்தின் மூச்சு! இந்த அங்கம் முழுக்கப் பாடித் தீர்த்தவருக்கு நெஞ்சு ஏறி இறங்கும், மேலே வைத்த சிலுவை அதை அரங்குக்கே காட்டிக்கொடுக்கும். மேசைக்குப் பின்னால் பாதி உடல் மறைய விழுவதே நல்ல வழி. இன்று ஸ்கார்பியாவைப் பாடிய பாரிடோன், அதாவது நடுத்தர ஆண்குரல் பாடகர், அப்படித்தான் விழுந்தார்.