ஆத்தங்குடிக் கல் கணக்கு: மூல ஆப்ஜெக்டைத் தொடாமல் மதிப்பை மாற்றுவது

முகப்புக்கு ஒரு கல், பட்டாலைக்கு ஒன்று, இரண்டாம் கட்டுக்கு வேறொன்று. செட்டிநாட்டு வீட்டில் எந்த இடத்துக்கு எத்தனை ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்) பிடிக்கும் என்று பைத்தான் நிரல்மொழியில் கணக்குப் போடும் சின்ன நிரல் இது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் ஆப்ஜெக்ட், அதுதான் மூலம்: அளவு 8 அங்குலம், நீளம் 20 அடி, அகலம் 15 அடி, நிறங்கள், கோடு. இடத்துக்கு இடம் மாறுவதை மட்டும், பெயரும் மதிப்புமாகச் சேமிக்கும் டிக்ஷனரி போன்ற ஓர் உறை கிளாஸ் வைத்துக்கொள்ளும். மூலம் அப்படியே இருக்கும்.

முதல் வடிவம் சுலபம். உறையில் கீ (மதிப்பின் பெயர்) இருந்தால் அந்த மதிப்பு, இல்லாவிட்டால் 'கெட்அட்டர்' (__getattr__) மெத்தட் மூலத்திடம் கேட்டு வாங்கித் தரும். அளவை 10 என்று மாற்றி அச்சிட்டால் 10 வருகிறது. கல்லை எண்ணும் 'எண்ணிக்கை' மெத்தட்டைக் கூப்பிட்டாலோ 690! அது 8 அங்குலக் கணக்கு: 20 அடிக்கு 30 கல், 15 அடிக்கு இருபத்திரண்டரை, வெட்டுக்கல்லையும் சேர்த்து 23. வர வேண்டியது 24 × 18, அதாவது 432.

மூலத்திடமிருந்து வாங்கிய மெத்தட்டில், எந்த ஆப்ஜெக்டுக்காக ஓடுகிறது என்று காட்டும் 'செல்ஃப்' ஏற்கெனவே மூலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. உள்ளே 'செல்ஃப்.அளவு' என்று கேட்டால் உறைக்குச் செய்தியே போகாது. எனவே ஃபங்ஷனை ஆப்ஜெக்டிடம் கேட்காமல் அதன் கிளாஸிடம் எடுத்து, 'டைப்ஸ்' மாட்யூலில் உள்ள 'மெத்தட்டைப்'பைக் (MethodType) கொண்டு உறையோடு ஒட்ட வேண்டும். பிராப்பர்ட்டி (மதிப்பு போலக் கேட்டாலும் உள்ளே ஃபங்ஷன் ஓடுவது) என்றால், அந்த ஃபங்ஷனான 'எஃப்கெட்'டுக்கு உறையைக் கொடுத்தால் போதும். இப்போது 432.

உறையை டிக்ட்டிலிருந்து (பைத்தானின் டிக்ஷனரி கிளாஸ்) நேராகப் பிறப்பிக்க வேண்டாம். தப்பான கீ வந்தால் தடுக்க, மதிப்பு வைக்கும்போது ஓடும் 'செட்ஐட்டம்' (__setitem__) எழுதினாலும், டிக்ட்டின் 'அப்டேட்' அதைக் கேட்காமலே உள்ளே தள்ளிவிடும். 'கலெக்ஷன்ஸ்' மாட்யூலில் உள்ள யூசர்டிக்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்று மட்டும்: அண்டர்ஸ்கோரில் தொடங்கும் பெயர்களுக்கு 'கெட்அட்டர்' உடனே அட்ரிபியூட்எரர் தர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பதையும் சேர்த்து நகலெடுக்கும் 'டீப்காப்பி' எடுக்கும்போது, இன்னும் நிரம்பாத உறை தன்னையே கேட்டுக் கேட்டு ரிகர்ஷன்எரரில் போய் நிற்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு பொறி. 'கோடு' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். நிரலில் பெயராக எழுதினால் பைத்தானே என்எஃப்கேசி (NFKC) என்னும் ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கும் கீயை மாற்றாது. அதனால் இருக்கிற 'கோடு' என்ற கீயையே 'இல்லை' என்று சொல்லும். 'யூனிகோட்டேட்டா'வின் நார்மலைஸ் வழியாகக் கீயை அனுப்பினால் சரியாகும்.

நிறங்களை லிஸ்ட்டாக வைக்காமல், பிறகு மாற்ற முடியாத டியூப்பிளாக வைத்திருக்கிறோம். லிஸ்ட் என்றால், உறை வழியாக ஒரு பச்சையைச் சேர்த்தாலும் மூலத்தில் ஏறிவிடும்.

பார்டர் கல்லுக்கு இந்த உறை இன்னும் உதவவில்லை. அதன் கிளாஸ் உள்ளே, தாய் கிளாஸின் மெத்தட்டை எடுத்துத் தரும் 'சூப்பர்' கூப்பிடுகிறது. உறை அந்தக் கிளாஸைச் சேர்ந்ததல்ல என்பதால் டைப்எரர். இப்போதைக்கு அதற்கு மட்டும் மூலத்தை நகலெடுத்து, நகலில் மதிப்பை மாற்றுகிறோம். மூலத்தில் பிறகு செய்யும் மாற்றம் நகலுக்குப் போகாது என்பதால், மூலத்தை மாற்றும்போதெல்லாம் நகலையும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது.