1798 சிசிக்குள் ஒரு வேகக்கார இயந்திரம்: இதுவரை நடந்த வேலை

என் பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் இயந்திர பிளாக் கடைசல் பட்டறையிலிருந்து திரும்பிவிட்டது. நான்கு சிலிண்டர்களுக்கும் புதிய லைனர் (உள்ளுறை) இறக்கி, துளையை 80.26 மில்லிமீட்டருக்குக் கடைந்து, சுவரை மெருகிடும் ஹோனிங்கும் முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 1967இல் இந்த எம்ஜிபி இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது இருந்த அதே விட்டம். "இவ்வளவு காசைக் கொட்டிவிட்டுப் பழைய அளவிலேயே வந்து நிற்கிறீர்களே?" என்றார் நண்பர் ஒருவர். யாருக்கும் கேட்கத் தோன்றுவதுதான்.

இந்தக் காரில் இருக்கும் பி-சீரிஸ் இயந்திரத்தின் திறனைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது துளையில்தான். அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது பங்கு கூட்டிக் கடைந்தால் 1798 சிசி 1868 ஆகிவிடும். துணிந்தவர்கள் 1950 வரை போகிறார்கள். என் பிளாக்கை முந்தைய உரிமையாளர் யாரோ ஏற்கெனவே ஆயிரத்தில் நாற்பது பங்கு கடைந்திருந்தார். மூன்றாவது சிலிண்டரில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல் வேறு. இன்னும் கடைந்தால் சுவர் மெலியும். மெலிந்த சுவர் நம் சிங்கப்பூர் நெரிசலில் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. தவிர, காரின் பதிவில் இருக்கும் எண் 1798. கொள்ளளவை மாற்றினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். 35 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான திட்டத்தில், ஆண்டுக்கு இத்தனை நாள்தான் ஓட்டலாம் என்ற கட்டுப்பாட்டோடு ஓடுகிற வண்டி இது. இருக்கிற தாள்கள் போதும் என்று லைனர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

அப்படியானால் திறன் எங்கிருந்து வரும்? என் பதில்: அளவெடுப்பதிலிருந்து. ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளிய இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்களும் நான்கு விதமாக வேலை செய்தன. அவற்றை ஒரே விதமாக வேலை செய்யவைத்தாலே பாதி வேலை முடிந்தது. சிங்கப்பூரில் விரைவுச்சாலையின் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் கிடைக்கும் குதிரைத்திறனை வைத்துக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் மாலை ஆறு மணிக்கு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியது 2,000க்கும் 4,500க்கும் இடையில் நல்ல இழுவை, நெரிசலில் நின்றாலும் கொதிக்காத தண்ணீர், சிவப்பு விளக்கில் அணையாத இயந்திரம்.

சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். அதை வீட்டிலேயே செய்ய முடியும் என்பதும் ஒரு காரணம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சமையலறைக்குப் பின்னால் துணி காயவைக்கும் இடத்தில் மேசை போட்டு, ஹெட்டைக் கவிழ்த்து, மட்டப்பலகை வைத்துச் சமன் செய்தேன். வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்தி, எரியறையின் விளிம்பில் மெல்லியதாகக் கிரீஸ் தடவி, நடுவில் ஓட்டை போட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டை அழுத்தி ஒட்டினேன். பள்ளி ஆய்வுக்கூடங்களுக்கு விற்கும் கடையில் வாங்கிய பியூரெட்டிலிருந்து ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். நிறமில்லாத திரவம் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்டுக் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை வாங்கிக் கலந்தேன். ஆரஞ்சு நிறம் தகட்டின் அடியில் மெல்லப் பரவி, கடைசிக் காற்றுக்குமிழி ஓட்டை வழியாக வெளியேறிய நொடியில் குழாயை மூடிப் படிக்க வேண்டும்.

நான்கு அறைகளிலும் கிடைத்த அளவுகள்: 42.6, 43.4, 42.9, 44.1 சிசி. சிறிய அறைக்கும் பெரிய அறைக்கும் ஒன்றரை சிசி வித்தியாசம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அழுத்த விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதை, கூட்டக் கூட்ட இந்த வித்தியாசத்தின் எடையும் கூடும். கலவை தானாகவே வெடித்து ஒரு சிலிண்டர் தட்டத் தொடங்கும்போது மற்ற மூன்றும் நிம்மதியாக இருக்கும். தட்டும் அந்த ஒன்றுக்காக நான்கிற்கும் இக்னிஷனைப் பின்வாங்க வேண்டிவரும். பெரிய அறைக்குச் சமமாக மற்ற மூன்றையும் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தேன். பிறகு ஹெட்டின் முகத்தைச் சீவக் கொடுத்து, எல்லா அறைகளும் 38.8 சிசிக்கு வந்தன. இதோடு பிஸ்டன் தலையில் இருக்கும் குழி, கேஸ்கெட்டின் கனம், மேல்நிலையில் பிஸ்டன் பிளாக்கின் முகத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பது எல்லாம் சேர்ந்து 51.4 சிசி. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 449.7. கணக்குப் போட்டால் விகிதம் 9.75க்கு 1. ஆலை கொடுத்தது 8.8. வார்ப்பிரும்பு ஹெட், உள்ளே போகும் காற்றே 30 டிகிரிக்கு மேல், கையில் இருப்பது 98 ஆக்டேன் பெட்ரோல். இதற்கு மேல் போகத் துணிவில்லை.

எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் வளையங்கள் போட்டாயிற்று. சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998இலேயே நின்றுவிட்டது. அந்தக் கால ஹெட்டின் மென்மையான சீட்டுகளுக்கு ஈயம்தான் காப்பாக இருந்தது. அது இல்லாமல் வேகமாக ஓட்டினால் வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதைந்துகொண்டே போகும்.

வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட் விஷயத்தில்தான் நண்பர்களோடு நிறைய வாக்குவாதம். இந்த ஹெட்டில் நான்கு சிலிண்டர்களுக்கு இரண்டே உள்வாய்கள். ஒன்றும் இரண்டும் ஒரு வாயைப் பகிர்ந்துகொள்கின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. எரியும் வரிசை 1-3-4-2. அதாவது இரண்டாவது சிலிண்டர் மூச்சிழுத்த கையோடு முதலாவது அதே வாயில் மூச்சிழுக்கும். பிறகு அந்த வாய்க்கு நீண்ட ஓய்வு. ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் மாதிரி, ஒன்றின் பங்கில் மற்றொன்று கைவைக்கும். வால்வுகள் நீண்ட நேரம் திறந்திருக்கும் பந்தயக் கேமைப் போட்டால் இந்தப் பறிப்பு இன்னும் மோசமாகி, குறைந்த சுற்றில் இயந்திரம் இருமிக்கொண்டே இருக்கும். ஆலைக் கேம் வால்வைத் திறந்து வைத்திருப்பது கிராங்க் சுழற்சியில் 252 டிகிரி. 285, 300 என்றெல்லாம் கடைகளில் கிடைக்கின்றன. நான் எடுத்தது 270. இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களையும் அப்படியே வைத்துக்கொண்டேன். வெபர் 45 கார்புரேட்டர் அழகுதான், அதன் உறுமலும் அழகுதான். அதை வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் அலுமினிய ஹெட்டுகளும் இப்போது கிடைக்கின்றன. விலையைப் பார்த்து, அதன்மேல் கப்பல் கூலியையும் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியையும் கூட்டிப் பார்த்து, பக்கத்தை மூடினேன்.

இதற்கிடையில் பிஸ்டன்கள் வந்தன. இங்கே பெரியவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். செம்பவாங் கப்பல் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஈசூனில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் காக்கி புக்கிட்டில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் மூலைக்கு வந்து உட்காருவார். ஒருநாள் நான் பிஸ்டனை அளந்துகொண்டிருந்ததைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, அந்த மைக்ரோமீட்டரை ஏன் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறாய்?"

"அளக்கத்தானே, ஐயா."

"உன் கைச்சூட்டில் அது வளரும். பிஸ்டன் இப்போதுதான் குளிரூட்டிய அறையிலிருந்து வந்தது, அதுவும் வளரும். எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு வா."

காப்பி குடித்துவிட்டு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 மில்லிமீட்டர் அலுமினியம் 10 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.02 மில்லிமீட்டர் விரியும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் விடும் இடைவெளியே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதில் இரண்டு பங்கை வெயில் தின்றுவிடுகிறது. அதன்பிறகு பிளாக், பிஸ்டன், அளவுகருவி எல்லாம் ஒரே அறையில் ஓர் இரவு சேர்ந்து கிடந்த பிறகுதான் எதையும் அளக்கிறோம்.

நம் காற்றின் ஈரப்பதத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஹோனிங் முடிந்த சிலிண்டரைச் சூடான சோப்புத் தண்ணீரில் தூரிகை போட்டுக் கழுவ வேண்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஹோனிங் தூளைப் பள்ளங்களுக்குள் இன்னும் தள்ளிவிடும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் ஏறுவது நிற்கும் வரைக்கும் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கழுவி உலர்த்திய துளையில் எண்ணெய் பூசச் சற்றுத் தாமதித்தால் போதும், கண்ணெதிரே மங்கிய ஆரஞ்சுப் படலம் ஏறிவிடும். அதனால் இது இரண்டு பேர் வேலை. ஒருவர் காற்றடித்து உலர்த்த, அடுத்தவர் எண்ணெய்த் துணியோடு பின்னாலேயே வர வேண்டும்.

பூட்டும் வேலையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. கனெக்டிங் ராடுகளை எடைபோட்டு ஒரு கிராமுக்குள் சமன் செய்தேன். கிராங்க், ஃபிளைவீல், கிளட்ச் மூடி மூன்றையும் சேர்த்துச் சமநிலைப்படுத்தக் கொடுத்தேன். கிராங்கின் முன்பின் ஆட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் ஐந்து பங்கு இருக்கலாம். நான்கில் வந்து நின்றது. கேமின் நேரத்தைச் சங்கிலிப் பல்லில் இருக்கும் புள்ளிகளை நம்பி வைக்கவில்லை. டிகிரித் தகட்டைக் கிராங்கில் மாட்டி, பிஸ்டன் தடுப்பானில் இரு பக்கமும் முட்டும் இடங்களைக் குறித்து, நடுப்புள்ளியை மேல்நிலையாக எடுத்துக்கொண்டு அளந்தேன். புள்ளிகள் நேராக நின்றபோதே கேம் நான்கு டிகிரி பிந்தியிருந்தது. இடம் தள்ளிய சாவி ஒன்றைப் போட்டுச் சரிசெய்தாயிற்று. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, 50 பவுண்டு-அடி வரை இறுக்கினோம்.

முதல் ஓட்டம் பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போன மதிய வேளையில். இந்த வகைக் கேமும் அதன்மேல் உராய்ந்து வால்வைத் தள்ளும் டேப்பட்டும் முதல் இருபது நிமிடத்தில்தான் ஒன்றோடொன்று பழகும். அந்த நேரத்தில் ஐடிலிங்கில் விடக் கூடாது, 2,000க்கும் 2,500க்கும் இடையில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், துத்தநாகம் சேர்த்த எண்ணெய் வேண்டும். ஸ்பார்க் பிளக் போடாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி எண்ணெய் அழுத்தம் ஏறியதைப் பார்த்த பிறகே பெட்ரோல் விட்டோம். ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய நிற்கும் விசிறி. எண்ணெய் அழுத்தம் 60ஐத் தொட்டு அங்கேயே நின்றது. பெரியவர் நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்ல செய்தி.

ஓட்டும் நாள்கள் அளந்து கொடுக்கப்பட்டவை என்பதால் பழக்கும் ஓட்டத்தையும் திட்டமிட்டே செய்ய வேண்டியிருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பழைய அப்பர் தாம்சன் சாலைப் பக்கம் போனேன். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரி நடந்த சாலை அது. டெவில்ஸ் பெண்ட் வளைவில் நான் போன வேகத்தைப் பார்த்தால் அன்றைய ஓட்டுநர்கள் சிரித்திருப்பார்கள். இரண்டாவது கியரில் 2,000 சுற்றிலிருந்து மிதித்ததும் தயக்கமின்றி எழுந்தது என்பதுதான் எனக்குத் தேவையான செய்தி. நீண்ட ஓட்டம் இந்த பிளாக்குக்குப் புதிதல்ல. 1966இல் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் நடந்த மாரத்தான் பந்தயத்தை வென்றது ஓர் எம்ஜிபிதான்.

காரை உருளைமேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் டைனோவில் சக்கரத்தில் 83 குதிரைத்திறன் வந்தது. இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன் இதே உருளையில் 61. எண்ணைவிட எனக்குப் பிடித்தது முறுக்குவிசைக் கோடு. 2,200இல் ஏறி 4,400 வரை ஏறக்குறைய தட்டையாகப் போகிறது. ஆனால் 3,000 சுற்றை ஒட்டிக் கலவையில் பெட்ரோல் குறைகிறது. கார்புரேட்டர் ஊசியின் நடுப்பகுதி சற்று மெலிந்ததாக வேண்டும். வேறு ஊசிகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

தலைவலி எல்லாம் வெப்பத்தில்தான். இந்தக் காரில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே பக்கம், ஒன்றன்மேல் ஒன்று. நெரிசலில் வந்து பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி, இயந்திரம் இழுத்து இழுத்துத்தான் பிடித்தது. வெப்பமானியைக் காட்டியபோது கிண்ணத்தின் வெளிப்புறம் 63 டிகிரி. ஆலைத் தடுப்புத் தகட்டின் மேல் சிறு இடைவெளி விட்டு இரண்டாவது தகடு பொருத்தினேன். கார்புரேட்டருக்குப் பின்னால் தடித்த பேக்கலைட் கட்டைகள், பெட்ரோல் குழாய்க்கு உறை, முன் கிரில்லிலிருந்து ஒரு காற்றுக் குழாய். இப்போது 51. அதே நிலையத்தில், அதே வெயிலில், முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொள்கிறது.

அடுத்த வேலை, பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். உள்ளே இருக்கும் சுருள்வில்கள் ஆலைக் கேமுக்கும் ஆலை விகிதத்துக்கும் கொடுத்தவை. சுற்று ஏற ஏறப் பொறி முந்தி விழும் முன்நகர்வை அவை எங்கே தொடங்கி எங்கே முடிக்கின்றன என்று ஸ்ட்ரோப் விளக்கில் 500 சுற்றுக்கு ஒருமுறை குறித்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 32 டிகிரிக்கு மேல் போகாமல், 3,500க்குள் முழுதும் வந்துவிடும்படி வில்களை மாற்ற வேண்டும். அதை முடித்து, ஊசிகளும் வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி டைனோ.