மனநலத்துக்காக மைக் பிடிக்கப் பயிற்சி: டர்பனில் நாங்கள் பட்ட பாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் சேர்ந்த பயிற்சியில், தொல்லை படிவத்திலேயே ஆரம்பித்துவிட்டது. மனநோயோடு வாழ்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சியில் பேசுவதற்கான பயிற்சி என்றுதான் அறிவிப்பில் இருந்தது. படிவத்தைத் திறந்தால், நோய் கட்டுப்பாட்டில் இருப்பதாக மருத்துவரின் கடிதம் வேண்டும், அதை உறுதிப்படுத்தும் அஃபிடவிட்டும் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) வேண்டும் என்று போட்டிருந்தார்கள். மனநோயாளி என்றால் அவர் சொல்லை நம்ப முடியாது என்ற எண்ணத்தை உடைக்கத்தான் இந்தப் பயிற்சியே. அதன் வாசலிலேயே அதே எண்ணம் உட்கார்ந்திருந்தது.

அஃபிடவிட் என்றால் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் ஓடுவார்கள். அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழும்படி, தாளில் இருந்த நோயின் பெயரைக் கவுன்டரில் சத்தமாகப் படித்தார்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா கையெழுத்துப் போடாமலே திரும்பிவிட்டார். போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் வேலை சத்தியம் வாங்கி, உங்கள் கையெழுத்தைப் பார்த்து, முத்திரை குத்துவது. உள்ளே இருப்பதை உரக்கப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. வக்கீல் அலுவலகத்திலும் தபால் நிலையத்திலும் கூட இதைச் செய்து தருவார்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அவர் முன்னால் போட்டால்தான் செல்லும்.

அதைவிட நல்ல வழி, அந்தக் கடிதத்தையே கேள்வி கேட்பது. போப்பியா என்று நாம் சொல்லும் 2013-ஆம் ஆண்டின் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் தனிப் பாதுகாப்பு உள்ள வகை. எதற்காகக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்ற நான்கையும் எழுதிக் கேட்டோம். கடிதமும் வேண்டாம், அஃபிடவிட்டும் வேண்டாம் என்று பதில் வந்தது. திரும்பிப் போன அக்காவும் பயிற்சியில் சேர்ந்தார்.

முதல் பாதிப் பயிற்சியில் குறையில்லை. மூன்று செய்திக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றையும் இருபது வினாடிக்குள் சொல்லிப் பழகு, கேள்வியில் இருக்கும் கெட்ட வார்த்தையைத் திருப்பிச் சொல்லாதே. ஊடகத்தோடு பழகியவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

இடறியது மாதிரிப் பேட்டியில். கேமராவை வைத்து, விளக்கைப் போட்டு, பயிற்சியாளர் எடுத்த எடுப்பில், "அக்கா, அன்னிக்கு ராத்திரி என்ன பண்ணிக்கிட்டீங்க? எப்படிப் பண்ணீங்க?" என்று ஆரம்பித்தார். நிஜ நிருபர் இப்படித்தான் கேட்பார் என்பது அவர் வாதம். கேட்பார்கள்தான். ஆனால் தற்கொலை பற்றி உலக சுகாதார நிறுவனம் ஊடகத்துக்குத் தந்திருக்கும் வழிகாட்டியே முறையையும் இடத்தையும் விவரிக்காதே என்கிறது. படித்துவிட்டு அதையே செய்து பார்ப்பவர்கள் உண்டு என்பதால் அந்த விதி. அப்படியிருக்க, அந்தக் கேள்வியைத் தட்டிவிடும் பதிலையல்லவா முதலில் கற்றுத் தந்திருக்க வேண்டும்? பதில் சொல்ல வந்தவருக்குக் கை நடுங்கியது. பக்கத்தில் ஆலோசகர் யாரும் இல்லை. மற்றவர்களுக்குப் பாடம் என்று அந்தப் பதிவையே திரையில் போட்டும் காட்டினார்கள்.

சேரப் போகிறவர்கள் முன்பே கேட்டுவிடுங்கள்: அறையில் ஆலோசகர் இருப்பாரா, நிறுத்தச் சொல்ல என்ன சைகை, பதிவு யாரிடம் இருக்கும். பேட்டி முடிந்த மறுநாள் உங்களுக்குப் போன் போட ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். பேசி முடித்த அன்று தெம்பாக இருக்கும், மறுநாள்தான் ஏன் சொன்னோம் என்று உள்ளே அரிக்கும்.

அந்தக் கேள்விக்கு எங்கள் குழு பிறகு தானே தயாரித்த பதில் இது: "எப்படின்னு நான் சொல்ல மாட்டேங்க. கேக்கிறவங்கள்ல யாராவது அந்த நிலைமையில இருக்கலாம். அன்னிக்கு என்னைக் காப்பாத்தினது என்னன்னு சொல்றேன்." இதில் கடைசி வாக்கியம்தான் முக்கியம். நிருபருக்கு ஒரு கதை வேண்டும், அது இல்லாமல் அவர் நகர மாட்டார். நெருக்கடியைத் தாண்டி வந்த கதைகள் பத்திரிகையில் வந்தால் தற்கொலை குறைவதோடு தொடர்பு இருப்பதாக ஆஸ்திரியாவில் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஆக, கொடுக்க வேண்டிய கதையே அதுதான்.

அடுத்து எப்போதும் வரும் கேள்வி, "இவங்க ஆபத்தானவங்கதானே?" உடனே "இல்லை, ஆபத்தில்லை" என்று ஆரம்பித்தால் கேட்பவர் மனதில் ஆபத்து என்ற வார்த்தைதான் தங்கும். நேராக, பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்குவதில்லை, அவர்கள்தான் மற்றவர்களிடம் அடிபடுகிறார்கள் என்று தொடங்கி, உடனே லைஃப் எசிடிமெனியைச் சொல்லுங்கள். 2016-இல் கௌட்டெங் மாகாணத்தில் அந்தப் பெயர் கொண்ட தனியார் மனநல இல்லங்களிலிருந்து நோயாளிகளைத் தகுதியில்லாத இல்லங்களுக்கு மாற்றியதில் 144 பேர் செத்தார்கள். இந்த நாட்டில் யாருக்கு யாரால் ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். முன்னாள் துணைத் தலைமை நீதிபதி மொசெனெக்கே நடத்திய விசாரணையில் குடும்பத்தார் உட்கார்ந்து சாட்சி சொன்ன பிறகுதான் அந்த எண் மனிதர்களாக மாறியது.

நம் ஆட்களுக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது, அது பயிற்சியில் வரவே இல்லை. "பூசை போட்டா சரியாயிடுமா, சாமி வந்த மாதிரிதானே இது?" கோயிலைக் குறை சொன்னால் கேட்கிற ஆயாக்கள் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். பூசையும் செய்யுங்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்பதே பதில். உலக மனநல நாளான அக்டோபர் 10 புரட்டாசியில் விழுகிறது, பேட்டிக்கு அழைப்பு அதிகம் வருவதும் அப்போதுதான். ஆகவே விரதத்தைப் பற்றியும் தயாராக இருங்கள். கறி, மீன் விடுவதால் மாத்திரைக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரையும் உப்பையும் குறைத்தால் கதை வேறு: லித்தியம் என்ற மனநல மருந்து எடுக்கிறவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். காவடிக்கு விரதம் இருப்பவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடிய இந்தத் தகவலுக்காகவே நிகழ்ச்சிக்குப் பிறகு நிறைய அழைப்பு வந்தது.

வானொலிக்காரர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு கேட்கிறார்கள். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுங்கள், எதிரொலி இருக்காது. ஏசியை அணைத்துவிடுங்கள். நேரலையா பதிவா, இன்னொரு விருந்தினர் யார், நேயர்கள் போன் போடுவார்களா என்பதை ஒத்துக்கொள்ளும் முன்னாலேயே கேளுங்கள். லோட்டஸ் எஃப்எம் போன்ற வானொலியின் தமிழ் நிகழ்ச்சியில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேச்சு போகலாம், அதனால் மூன்று செய்தியையும் இரண்டு மொழியிலும் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலத்தில் பாடமாக்கியதை அந்த இடத்தில் தமிழாக்க முயன்று திணறியவர்கள் எங்களிடம் உண்டு.

எரிச்சல் இன்னும் அடங்காதது பத்திரிகை விஷயத்தில். பேட்டி நன்றாக வந்தது. ஆனால் தலைப்பில் பயம் காட்டும் ஒரு வார்த்தை, படத்தில் தலையைக் கையில் தாங்கிய யாரோ ஒருவர். நிருபரைக் கேட்டால், தலைப்பு போடுவது தான் இல்லை என்றார். அது நிஜம்தான், தலைப்பை வேறு மேசையில் போடுகிறார்கள். அதனால் உங்கள் படத்தை நீங்களே கொடுங்கள்: சமையல் செய்வது, தோட்டத்தில் நிற்பது, வேலை செய்வது. மின்னஞ்சலில் "இந்தப் படம் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். தலைப்பைத் தீர்மானிக்கும் உரிமை நமக்கில்லை, ஆனால் வேண்டாத வார்த்தை எது என்று முன்பே எழுதி அனுப்பினால் பல ஆசிரியர்கள் மதிக்கிறார்கள்.

பயிற்சியில் யாரும் சொல்லாத இன்னொன்று. போப்பியாவின்படி கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறலாம். அதை வைத்து அந்த மாதிரிப் பேட்டிப் பதிவை அழிக்கச் சொன்னோம், அழித்துவிட்டோம் என்று எழுத்தில் தந்தார்கள். ஆனால் பத்திரிகைப் பணிக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. நாளிதழில் வந்துவிட்டதை அந்தக் கதவைத் தட்டி எடுக்க முடியாது. பிள்ளைகள் பெயர், வேலை செய்யும் இடம், தெருப் பெயர் இவற்றைப் பேட்டிக்கு முன்னாலேயே வடிகட்டிவிடுங்கள். கையெழுத்துக்கு நீட்டும் தாளில் "எல்லா ஊடகத்திலும், எக்காலத்துக்கும்" என்றிருந்தால் அடித்துவிட்டு, நிகழ்ச்சியின் பெயரையும் தேதியையும் எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையொப்பம் போடுங்கள்.

செய்தி தவறாக வந்தால் புகார் கொடுக்கும் இடம், பத்திரிகைக்கு பிரஸ் கவுன்சில், ஒலிபரப்புக்கு பிசிசிஎஸ்ஏ என்ற ஒலிபரப்புப் புகார் ஆணையம். புகார் கொடுக்கக் கெடு, முதலாவதற்கு வெளியானதிலிருந்து 20 வேலை நாட்கள், இரண்டாவதற்கு ஒலிபரப்பானதிலிருந்து 30 நாட்கள். காசு கேட்பதில்லை. நாளிதழின் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் தலைப்பை மாற்றிவிட்டால் உங்கள் கையில் இருப்பதுதான் சான்று.

உதவி எண் சொல்வதாக இருந்தால் ஒலிபரப்பு நாளன்று காலையில் நீங்களே அந்த எண்ணுக்கு அடித்துப் பாருங்கள், எந்த நேரம் வரை எடுக்கிறார்கள் என்று கேட்டு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.